வெட்பாலைத் தைலமும் வெறும் எண்ணெயும்: என் கரப்பானில் செய்து பார்த்தவை

என் இரு முழங்கை மடிப்புகளிலும் கரப்பான் (எக்சிமா) வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. மார்கழிப் பனியில் தோல் வறண்டு வெடிக்கும், சித்திரை வியர்வையில் அரிக்கும், இடையில் சில மாதங்கள் ஒன்றுமே நடவாததுபோல் அடங்கியிருக்கும். கல்லிடைக்குறிச்சியில் குடியிருப்பவனுக்குத் தோலில் ஏதேனும் வந்துவிட்டால் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. கண்ணுக்கெதிரே பொதிகை மலை நிற்கிறது, 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது, தெருவுக்கு ஒருவராவது ஓர் இலையின் பெயரைச் சொல்லாமல் நம்மை அனுப்பமாட்டார். அவ்வாறு சொல்லப்பட்டவற்றுள் மூன்றை இந்த ஆண்டு பங்குனி முதல் ஆவணி வரை செய்து பார்த்து, குறிப்பேட்டில் எழுதி வந்தேன்.

தொடங்குவதற்கு முன் தோல் மருத்துவரிடம் சென்று இது கரப்பான்தானா என்று உறுதிசெய்துகொண்டேன். ஊர்ப்பேச்சில் சொறி, படை, கரப்பான் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. படர்தாமரை பூஞ்சையால் வருவது. சீமையகத்தி இலையில் உள்ள கிரைசோபானிக் அமிலம் அந்தப் பூஞ்சைக்கு எதிராக வேலை செய்யும் என்பதால் அந்த இலைக்கு அங்கே பொருள் உண்டு. கரப்பானில் பூஞ்சை இல்லை. தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் தளர்ந்திருப்பதும், அதனூடே நோயெதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுவதுமே அதன் அடிப்படை. அந்த மேலடுக்கைக் கட்டுவதற்கு உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள பிழைக்கும் இந்த நோய்க்கும் தொடர்புண்டு என்பது 2006இல் தெரியவந்தது. மருத்துவர் தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை இல்லை என்றார். கரப்பான் பொங்கி நீர் வடிந்தால் இலை எதையும் வைக்காமல் தாம் எழுதிக்கொடுத்த களிம்பையே பூசவேண்டும் என்றும் சொன்னார். அந்த நிபந்தனையை இறுதிவரை மீறவில்லை.

முதலில் குப்பைமேனி. வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது, அரைத்துப் பூசுவதற்கு அடுப்பும் வேண்டாம். முன்கையில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் அரைத்த விழுதை வைத்தேன். 20 நிமிடங்களில் எரியத் தொடங்கியது, மறுநாள் காலையில் அந்த வட்டம் சிவந்து தடித்திருந்தது. சிரங்குக்குப் பாட்டிமார் இதைப் பூசியதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே விரிசல் விட்ட தோலில் பச்சை இலைச்சாறு நேராகப் படுவது வேறு விஷயம். அந்த வட்டம் ஆறுவதற்கு 9 நாட்கள் ஆயின. குப்பைமேனி அத்தோடு முடிந்தது.

அடுத்து அருகம்புல் தைலம். அரை லிட்டர் அருகம்புல் சாறு, அரை லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய், அதோடு 20 கிராம் அதிமதுரப் பொடி சேர்த்துச் சிறுதீயில் காய்ச்சினேன். காய்ச்சுவதில் பதம்தான் எல்லாம். வண்டலை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் மெழுகுபோல் திரண்டால் மெழுகு பதம், மணல்போல் உதிர்ந்தால் மணல் பதம். நான் மெழுகு பதத்தில் இறக்கினேன். ஈரம் போய்விட்டதா என்று அறிய ஒரு திரியில் தோய்த்துக் கொளுத்திப் பார்க்கும் வழக்கமும் உண்டு. சடசடவென்று வெடித்தால் தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று பொருள். என்னுடையது இரண்டு முறை வெடித்தது, மூன்றாம் முறை அமைதியாக எரிந்தது. இரண்டு வாரம் பூசியதில் வறட்சி குறைந்தது, அரிப்பும் ஓரளவு குறைந்தது. ஆனால் புல் குறைத்ததா, எண்ணெய் குறைத்ததா என்ற கேள்வி அப்போதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. குறிப்பேட்டின் எஞ்சிய பக்கங்கள் முழுவதும் அந்தக் கேள்விதான்.

மூன்றாவது வெட்பாலை. மணிமுத்தாறு சாலையில் நண்பரின் தோட்ட வேலியோரம் ஒரு மரம் இருக்கிறது. மலையடிவாரக் காட்டிலும் இம்மரம் உண்டு என்றாலும் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே இலை பறிக்கப் போகக்கூடாது. இதே சாயலில் குடசப்பாலையும் இருப்பதால் காய் தொங்கும்வரை காத்திருந்து மரத்தை உறுதிசெய்தேன். வெட்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கும், குடசப்பாலையின் காய்கள் பிரிந்தே இருக்கும். (கர்நாடகத்துச் சன்னபட்டணா மரப்பொம்மைகளைக் கடைவது இந்த வெட்பாலையின் வெள்ளை மரத்தில்தான் என்பதை அறிந்தபிறகு அந்த மரத்தின்மேல் கூடுதல் மரியாதை வந்துவிட்டது.) தோட்டத்துப் பெரியவர் ஒரே ஒரு விதி சொன்னார்: "ஐயா, இலையில இரும்பு படக்கூடாது. கையாலயே கிள்ளிப் போடுங்க." இரும்பு பட்டால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்கவில்லை, நான் சோதிக்கவுமில்லை, கிள்ளியே போட்டேன்.

முதல் புட்டி பாழாயிற்று. 100 கிராம் இலையைக் கழுவிய ஈரத்தோடே 500 மில்லி எண்ணெயில் போட்டு, தூசு விழாதபடி மூடியை இறுக்கி மொட்டைமாடியில் வைத்தேன். நான்காம் நாள் மேலே வெண்பூஞ்சை, திறந்தால் சிக்கு வாடை. எதிர்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "யய்யா, மூடி போட்டா உள்ளயே வேர்த்துப் போவும்லா! வாயில துணியக் கட்டி வையி" என்றார். இரண்டாம் முறை இலையை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, துணி கட்டி, கத்திரி வெயிலில் வைத்தேன். மறுநாளே எண்ணெயில் சிவப்பு ஓடியது, ஏழாம் நாள் நாவற்பழச் சாறுபோல ஊதாவாகிவிட்டது.

அந்த ஊதா வெறும் அழகுக்கு வந்ததன்று. இம்மரத்தின் இலையிலிருந்து ஒருகாலத்தில் நீலச்சாயம் எடுத்திருக்கிறார்கள். இலையில் அந்த நீலச்சாயப் பொருளோடு (இண்டிகோ) இண்டிரூபின் என்ற சிவந்த நிறப்பொருளும் இருப்பதாக ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். தோல் உயிரணுக்களுக்குள் ஏரில் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்று, சில பொருட்கள் வந்து பற்றினால் தூண்டப்படும் புரதம் ஒன்று உண்டு. அதைத் தூண்டினால் அழற்சி அடங்குவதோடு ஃபிலாக்ரின் உற்பத்தியும் கூடுகிறது. பழைய கரித்தார்க் களிம்பு வேலை செய்வதும் இந்த வழியில்தான். அமெரிக்காவில் காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) 2022இலும் கரப்பானுக்கு 2024 டிசம்பரிலும் ஒப்புதல் பெற்ற டாபினாரோஃப் என்னும் களிம்பு குறிவைப்பதும் இதே ஏற்பியைத்தான். இண்டிரூபினும் இந்த ஏற்பியைப் பற்றக்கூடியதே. ஆகவே வெட்பாலையில் ஏதோ இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. ஆனால் என் புட்டியில் அது எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கும் கருவி என் மாடியில் கிடையாது.

எண்ணெயும் சும்மா இருக்கும் பொருளன்று. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். கரப்பான் தோலில் குடியேறும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்கு அது ஆகாது. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளைக் கொண்டு 8 வாரம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், பச்சைத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாகவே வேலை செய்தது. என் எண்ணெய் கொப்பரையிலிருந்து செக்கில் ஆட்டியது, அதுவும் இதுவும் ஒன்றல்ல. இருந்தாலும் இலையின் பெருமையைப் பேசுமுன் எண்ணெயின் பங்கைக் கழித்தாக வேண்டும் என்று தோன்றியது.

ஆனி முதல் தேதியிலிருந்து ஒரு கையில் வெட்பாலைத் தைலம், மறு கையில் அதே செக்கு எண்ணெய் என்று 6 வாரங்கள் பூசினேன். எந்தக் கையில் எது என்பதை நான் அறியக்கூடாதென்று, இரவில் விளக்கை அணைத்த பிறகு என் மனைவியே பூசிவிட்டு, விவரத்தை ஒரு சீட்டில் எழுதி மடித்துவைத்தாள். அரிப்பைச் சுழியிலிருந்து பத்துவரை மதிப்பிட்டு ஒவ்வொரு காலையும் எழுதினேன். வாரம் ஒருமுறை ஒரே சன்னலருகே படமெடுத்து, கரப்பான் படர்ந்த இடத்தின் அகலத்தை அடிக்கோலால் அளந்தேன். ஒன்பதாம் நாளிலேயே இரகசியம் உடைந்தது. கொடியில் காய்ந்த முழுக்கைச் சட்டையின் இடது மடிப்பில் மட்டும் ஊதாக் கறை. இத்தனை ஏற்பாடுகளையும் சலவைச் சோப்பு காட்டிக்கொடுத்துவிட்டது.

தெரிந்த பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. முதல் மூன்று வாரங்களில் இரு கைகளுக்கும் வேறுபாடே இல்லை. இரண்டிலும் அரிப்பு 6இலிருந்து 4க்கு இறங்கியது. ஆனியில் சாரலும் குளிர்ந்த காற்றும் வந்துவிட்டால் எனக்கு எப்போதுமே அரிப்பு குறையும் என்பதால், ஒற்றைக் கையில் மட்டும் சோதித்திருந்தால் பருவத்தின் புண்ணியத்தை இலைக்கு எழுதியிருப்பேன். ஆறாம் வார முடிவில் இடக்கை 2, வலக்கை 3. கரப்பான் படர்ந்த இடம் இடப்பக்கம் 6 சென்டிமீட்டரிலிருந்து 4 ஆகவும், வலப்பக்கம் 6இலிருந்து 4.5 ஆகவும் சுருங்கியது. தடித்துச் செதில்விட்ட ஓரம் இடக்கையில் தெளிவாக மெலிந்திருந்தது, படத்திலும் தெரிகிறது. ஆனால் நான் வலக்கைக்காரன். மேசைமேல் உராய்வதும் வியர்ப்பதும் அந்தக் கைதான். அரைச் சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு வெட்பாலைக்கு மாலை போட எனக்குத் துணிவில்லை.

இதற்கிடையே ஒரு நண்பர், "சுத்த மூலிகை" என்று சொல்லிப் பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் ஒரு களிம்பு கொண்டுவந்தார். இரண்டே நாளில் அரிப்பு அறவே போய்விடும் என்றார். அந்த வேகம்தான் என்னை நிறுத்தியது. 1999இல் லண்டனில் கரப்பானுக்கு விற்ற 11 மூலிகைக் களிம்புகளைச் சோதித்தபோது 8இல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு கெட்டதன்று, மருத்துவர் எனக்குத் தந்ததும் அதுதான். எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரியாமல் பூசுவதுதான் ஆபத்து. டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

ஆறு வாரம் முடிந்தபின் இரு கைகளிலும் வெறும் வாசலின் மட்டும் பூசி மூன்று வாரம் இடைவெளி விட்டேன். ஆவணி முதல் தேதி கைகளை மாற்றி மீண்டும் தொடங்கியிருக்கிறோம். இம்முறை வலக்கையில் தைலம் என்பது தெரிந்தே நடக்கிறது. தெரியாமல் செய்யும் ஆசையை விட்டுவிட்டு, படங்களை மட்டும் தேதியின்றிக் கலைத்துப் பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்காள் மகளிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்லவிருக்கிறேன். கறைக்குப் பழைய கருநீலக் கைலியைக் கிழித்து இரு கைகளிலும் சுற்றிக்கொள்கிறேன். இன்று பன்னிரண்டாம் நாள். வலக்கை 4, இடக்கை 3.