நிலவுக்குப் போக நமக்கு ஏன் 40 நாள்?

சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. ஸ்ரீஹரிகோட்டாவை விட்டுக் கிளம்பியது ஜூலை 14. இடையில் 40 நாள். ஆகஸ்ட் 11 அன்று புறப்பட்ட ரஷ்யாவின் லூனா-25 ஐந்தே நாளில் நிலவின் சுற்றுப்பாதையை எட்டிவிட்டது. 19ஆம் தேதி அது நிலவில் மோதி நொறுங்கியதும், "நாம் நிதானமாகப் போனோம், அதனால்தான் ஜெயித்தோம்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது சரியல்ல. நாம் சுற்றிப் போனதற்குக் காரணம் நிதானமல்ல, ராக்கெட்டின் பலம் போதாமை.

சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ராக்கெட்டால் 3,900 கிலோ கலத்தை நேராக நிலவை நோக்கி எறிய முடியாது. 170 கி.மீ.க்கு 36,500 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விட்டுவிட்டு அதன் வேலை முடிந்துவிடும். மீதிப் பாதையைக் கலமே தன் எரிபொருளைச் செலவழித்துக் கடக்க வேண்டும். பூமிக்கு அருகே வரும்போதெல்லாம் இன்ஜினைச் சிறிது நேரம் இயக்கி வட்டத்தை நீட்டிக்கொண்டே போய், ஆகஸ்ட் 1 அன்றுதான் நிலவுப் பாதையில் ஏறியது. அதை அவ்வளவு துல்லியமாகச் செய்த குழுவுக்கு எத்தனை பாராட்டும் தகும். ஆனால் விண்வெளிப் போட்டியில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லும் எண், மேலே தூக்கக்கூடிய எடைதான்.

புவிநிலைச் சுற்றுப்பாதைக்குப் போகும் இடைவழிப் பாதைக்கு எல்.வி.எம்.3 தூக்குவது சுமார் 4 டன். அதனால்தான் 5,854 கிலோ எடையுள்ள நம் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஜிசாட்-11 2018 டிசம்பரில் ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட்டில் போனது. 4,700 கிலோ ஜிசாட்-என்2 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன்-9இல் போனது. 2025 நவம்பர் 2 அன்று 4,410 கிலோ சி.எம்.எஸ்-03 செயற்கைக்கோளை நாமே ஏற்றினோம் என்றாலும், வழக்கத்தைவிடத் தாழ்வான சுற்றுப்பாதையில்தான் விட முடிந்தது. சீனாவின் லாங் மார்ச்-5 ராக்கெட் வழக்கமான இடைவழிப் பாதைக்குச் சுமார் 14 டன் தூக்கும். 2020இல் அது 8.2 டன் சாங்'இ-5 நிலவுக் கலத்தை ஒரே ஏவலில் அனுப்பியது. 1,731 கிராம் நிலவு மண் பூமிக்கு வந்தது. அதே வேலைக்கான நம் சந்திரயான்-4 இரண்டு எல்.வி.எம்.3களில் போய், விண்வெளியில் ஒன்றுசேர வேண்டும். 2025 ஜனவரி 16 அன்று தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு ஸ்பேடெக்ஸ் கலங்களை இணைத்துப் பார்த்தது வெறும் சாதனைப் பட்டியலுக்காக அல்ல. இணைக்கத் தெரியாவிட்டால் சந்திரயான்-4 கிடையாது.

பலவீனம் ராக்கெட்டின் நடுக்கட்டத்தில் இருக்கிறது. எல்-110 எனப்படும் அதில் இரண்டு விகாஸ் இன்ஜின்கள், யு.டி.எம்.எச் வகை எரிபொருளையும் நைட்ரஜன் டெட்ராக்சைடையும் எரிக்கின்றன. இரண்டும் கொடிய நச்சு. ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும் என்பதால் நம்பகமானவை. ஆனால் கிலோவுக்குக் கிடைக்கும் உந்தம் குறைவு. அதற்குப் பதிலாக எஸ்.சி-120 கட்டம் வர வேண்டும்: திரவ ஆக்சிஜனும் சுத்திகரித்த மண்ணெண்ணெயும், 2,000 கிலோநியூட்டன் தரும் ஒரே ஒரு எஸ்.இ-2000 இன்ஜின். மேல்கட்டமான சி-25க்குப் பதில் பெரிய சி-32. இரண்டும் சேர்ந்தால் 4 டன் 5.1 டன்னாகும்.

மண்ணெண்ணெய்தானே, என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் ஆக்சிஜனில். இந்த இன்ஜினில் ஆக்சிஜன் முழுவதும் சிறிதளவு மண்ணெண்ணெயோடு முன்னெரிப்பு அறையில் எரிந்து, அந்தச் சூடான வாயுதான் பம்ப்புகளை ஓட்டும் டர்பைனைச் சுழற்றுகிறது. ஆக்சிஜன் மிகுந்த சூட்டு வாயுவில் உலோகமே எரியும். ஒரு துகள் தூசி உரசினாலும் போதும், பற்றிக்கொள்ளும். அதனால் உட்புறப் பாகங்களுக்குத் தனிப் பூச்சும், கடும் சுத்தமும் தேவை. எரியறையில் அழுத்தம் 180 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 180 மடங்கு. அதற்கு ஊட்டும் குழாய்களில் 600 பார் வரை.

இஸ்ரோவின் மகேந்திரகிரி சோதனை மையத்தில் 2023 ஜூலை 1 அன்று நடந்த இந்த இன்ஜினின் முதல் சூட்டுச் சோதனை, அதாவது எரியவிட்டுப் பார்க்கும் சோதனை, 4.5 விநாடி ஓடியிருக்க வேண்டும். 1.9 விநாடியில் டர்பைன் அழுத்தம் திடீரென ஏறி, வேகம் விழுந்தது; நிறுத்தினார்கள். அதன்பின் முன்னெரிப்பு அறையைத் தனியாகப் பற்றவைத்துப் பார்த்தது 2024 மே மாதம். 2025 மார்ச் 28 அன்றுதான் 2.5 விநாடிச் சோதனை ஒழுங்காக முடிந்தது. இரண்டரை விநாடிக்கு இருபது மாதமா என்று கேலி செய்தவர்கள், அந்த இரண்டரை விநாடிக்குள் பம்ப்புகளும் டர்பைனும் வால்வுகளும் சரியான வரிசையில் உயிர்பெற வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. இந்த வகை இன்ஜின்கள் பெரும்பாலும் கிளம்பும் கணத்தில்தான் கெடும்.

வால்வு என்றதும் 2021 ஆகஸ்ட் 12 நினைவுக்கு வருகிறது. அன்று இஸ்ரோவின் இன்னொரு ராக்கெட்டான ஜி.எஸ்.எல்.வி-எஃப்10இன் கிரையோஜெனிக் கட்டம், அதாவது கடுங்குளிர் திரவ ஹைட்ரஜனில் ஓடும் மேல்கட்டம், பற்றவில்லை. திரவ ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் விடுவிக்கும் வால்வு கசிந்திருந்தது. பறக்கும்போது தொட்டியில் அழுத்தம் ஏறவில்லை. உள்ளே இருந்த பூஸ்டர் பம்ப் தடுமாறியது. இன்ஜினுக்கு ஹைட்ரஜன் போதவில்லை. பெரும்பாலும் ஒரு மென்மையான சீல் சேதமாகியிருக்க வேண்டும் என்றது விசாரணைக் குழு. வால்வைப் பலப்படுத்தியதோடு, இன்ஜின் பற்றுவதற்கு முன் தொட்டி அழுத்தத்தைக் கூட்டித் தரும் தனி ஏற்பாட்டையும் சேர்க்கச் சொன்னார்கள். 2023 மே 29 அன்று அடுத்த ஜி.எஸ்.எல்.வியான எஃப்12 வெற்றிகரமாகப் பறந்தது.

ஆகவே மகேந்திரகிரிச் செய்திகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025இல் ஓடியது "பவர் ஹெட்" மட்டும்: பம்ப்புகள், டர்பைன், முன்னெரிப்பு அறை ஆகியவை. அதில் உந்து அறை, அதாவது உந்துவிசை தரும் எரியறை, கிடையாது. உந்து அறையும் சேர்ந்த முழு இன்ஜின், விநாடிக்குச் சுமார் 600 கிலோ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் விழுங்கிக்கொண்டு, 200 விநாடி வரை நிற்காமல் ஓட வேண்டும். எஸ்.சி-120 கட்டத்தில் நிரப்பும் 120 டன்னும் தீர அவ்வளவு நேரமாகும். அந்தச் சோதனைக்கு முன், 5.1 டன்னைக் கையில் வந்த கணக்காக எழுதும் தலைப்புகளை நான் நம்புவதில்லை.