கோடு போட்ட இடங்கள்

2025 ஜனவரி 9
தீபாவளி முடிந்த வாரம் தலைக்குள் இரத்தக்கசிவு. பிரஷர் மாத்திரையை நானேதான் நிறுத்தியிருந்தேன், யாரைக் குறை சொல்ல? ஸ்கேனில் இடப்பக்கம் என்றார்கள். கை கால் தப்பித்தது; பெயர்கள் போய்விட்டன. எழுதும்போதும் அதே கதைதான். சொல் வராத இடத்தில் கோடு போட்டுவிடுகிறேன், சாயங்காலம் மகள் கேட்டுக் கேட்டு நிரப்புகிறாள்.

ஜனவரி 10
பேச்சுப் பயிற்சி. அந்தப் பெண் படங்களைக் காட்டினார். மாடு, குடை, நாற்காலி எல்லாம் வந்தன. அடுத்தது பூட்டு. திண்டுக்கல்லில் முப்பது வருஷமாக ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன், "சாவி" என்றேன். சொல்லும்போதே தப்பென்று தெரிகிறது. மாங்காய்ப் பூட்டின் கனம் கையில் இருக்கிறது, அமுக்கினால் விழும் 'டக்' காதில் இருக்கிறது. பெயர்தான் இல்லை. அவர் "பூ..." என்றார். மீதி தானாக விழுந்தது.

முதல் எழுத்து போதும். இது என் மனைவிக்குத்தான் புரிய மாட்டேன் என்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் முழுச் சொல்லையும் சொல்லிவிடுகிறாள்.

ஜனவரி 14
பொங்கலுக்கு வந்தவர்களெல்லாம் பரீட்சை வைத்தார்கள். "மாமா, என்னைத் தெரியுதா?" தெரியாமலா? உன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவன் நான். பெயர் மட்டும் கேட்காதே. இன்று என்ன கிழமை என்றான் இன்னொருவன். நேராகச் சொல்ல வராது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஏணி ஏறித்தான் நின்றேன். வரிசையாகச் சொல்வது மட்டும் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

ஜனவரி 17
பயிற்சியில் ஒரு கதை கேட்டேன். 1861ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற டாக்டரிடம் வந்த ஒருவருக்கு 'டான்' என்பதைத் தவிர எதுவும் சொல்ல வராதாம். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தால் இடப்பக்க முன்பகுதியில் சேதம். அவருக்கு டான், எனக்கு 'அது'.

பிப்ரவரி 6
கடைக்குப் போனேன். "நாலு இஞ்ச் கீல் ரெண்டு ஜோடி" என்று ஒருவர் கேட்டதும் கை சரியான டப்பாவுக்குப் போனது. கேட்டால் புரிகிறது, அது போதும்.

அப்புறம் ஒரு அம்மா வந்தார். "அண்ணே, அது... குழாய் மரையில சுத்துவாங்களே, வெள்ளையா, ரிப்பன் மாதிரி..." எடுத்துக் கொடுத்தேன். இருபது ரூபாய் என்றேன். அவர் பெயர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதன் பெயர் ________. மகளுக்கும் தெரியவில்லை.