டப்பாவிலிருந்து வெட்டிய கார்டை எப்படிப் பார்ப்பது

வீரர் படத்தோடு சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த, ‘பிளேயர்ஸ்’ என்ற சிகரெட் நிறுவனத்தின் பழைய கிரிக்கெட் கார்டுகளை, அந்த 1934, 1938 செட்டுகளை, அசலா போலியா என்று சோதிப்பது ஒரு வகையில் சுலபம். ஆலையிலேயே வெட்டி வந்தவை. விளிம்பில் பிற்பாடு யாராவது கத்தரி வைத்திருந்தால் அது குற்றம். அமெரிக்க பேஸ்பால் பக்கம் போனால் இந்தக் கணக்கு தலைகீழ். 1961 முதல் 1963 வரை போஸ்ட் நிறுவனம் தன் சீரியல் டப்பாக்களின் பின்பக்கத்தில் வருடத்துக்கு 200 கார்டுகள் அச்சடித்தது. 1975 முதல் 1979 வரை ஹோஸ்டஸ் கேக் டப்பாவின் அடியில் மூன்று மூன்றாக, வருடத்துக்கு 150. அவற்றுக்கு வெகுகாலம் முன்பு, 1920களை ஒட்டி, நீளப் பட்டையாக விற்ற ஸ்ட்ரிப் கார்டுகள் உண்டு. கார்டுகளைப் பட்டியலிட்ட அமெரிக்க சேகரிப்பாளர் ஜெபர்சன் பர்டிக் தன் பட்டியலில் ‘டபிள்யூ’ எழுத்தின் கீழ் வரிசைப்படுத்தியவை. இவை எல்லாவற்றிலும் கடைசி வேலை வீட்டுக் கத்தரிக்குத்தான். வெட்டியவர் பெரும்பாலும் எட்டு, பத்து வயசுப் பிள்ளை.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது வெட்டுக்கோடு. டப்பாவில் அச்சான கோடோ புள்ளிக்கோடோ நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால், கார்டைச் சோதித்துத் தரம் பிரிக்கும் பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. போன்ற கிரேடிங் நிறுவனங்கள் அதன் நிலைக்கேற்ப எண் போடும். ஒரு பக்கம் கோட்டைத் தாண்டி உள்ளே வெட்டியிருந்தால், மற்ற மூன்று பக்கமும் எவ்வளவு அழகாக இருந்தாலும், எண் இல்லாமல் ‘அசல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவார்கள். பக்கத்துக் கார்டோடு ஒரே கோட்டைப் பங்கு போடும் பேனல்களில் (பல கார்டுகள் சேர்ந்து அச்சான டப்பாப் பக்கம்) இது பெரிய தலைவலி. கத்தரி கோட்டின் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கத்துக் கார்டு கோட்டை இழந்துவிடும். பக்கத்தில் இருந்த பிரபல வீரரைக் காப்பாற்ற, சாதாரண வீரரைக் குதறி வைத்த கார்டுகள் ஏராளம்.

கருவிகளுக்கு அதிகம் செலவில்லை. சௌகார்பேட்டையில் நகை வேலைக்கு விற்கும் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்), அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு ஸ்கேல், கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச். ரிச்சி தெருவில் கிடைக்கும் யூ.எஸ்.பி. மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தால் நல்லது. டிஜிட்டல் வெர்னியரைத் தடிமன் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீள அகலத்துக்கு அதன் தாடையை விளிம்பில் அழுத்தினால் மூலை நசுங்கும். நீங்களே ஒரு கிரேடைக் குறைத்துக்கொண்ட மாதிரி ஆகும்.

பெயர், எண் அச்சான கறுப்பு எழுத்தில் லூப்பை வையுங்கள். அசலில் கறுப்புக்குத் தனித் தகடு. எழுத்து முழுக் கறுப்பாக, கூரான ஓரத்தோடு நிற்கும். ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்ததில் அதே எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளின் கூட்டமாக உடைந்திருக்கும். வீரரின் முகத்தில் நேர்மாறு: அசலில் புள்ளிகள் ஒழுங்கான பூ வடிவில் அடுக்கியிருக்கும், இன்க்ஜெட் பிரதியில் சாந்து தெளித்ததுபோல் சிதறிக் கிடக்கும். லேசர் பிரதியில் எழுத்தைச் சுற்றித் தூள் ஒட்டியிருப்பதை மைக்ராஸ்கோப் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரிப் கார்டுகளின் அச்சு ஏற்கெனவே மட்டம். அதனால் மங்கலாக இருப்பதை மட்டும் வைத்து போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

புற ஊதா டார்ச்சை நம்புவதில் ஓர் எச்சரிக்கை. தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது. 1920களின் ஸ்ட்ரிப் கார்டு நீலவெள்ளையாகப் பளிச்சென்று மின்னினால் கதை முடிந்தது. ஆனால் 1960, 70களின் டப்பா அட்டைக்கு இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது: அசலின் மேல்பூச்சே மின்னலாம், போலி மின்னாமலும் இருக்கலாம். அங்கே அட்டையைத்தான் பார்க்க வேண்டும். சீரியல் டப்பா என்பது மறுசுழற்சி சாம்பல் அட்டை, மேலே மட்டும் வெள்ளைப் பூச்சு. வெட்டு விளிம்பில் அந்த அடுக்குகள் தெரியும். போஸ்ட் நிறுவனக் கார்டின் பின்புறம் வெறுமையாக இருக்கும். ஹோஸ்டஸில் பின்னாலும் அச்சு உண்டு. அதோடு கேக்கின் எண்ணெய் ஊறிய கறையும் அடிக்கடி உண்டு. கிரேடு குறையும், ஆனால் அந்தக் கறையை வைத்து யாரும் சந்தேகப்படத் தேவையில்லை.

போலி செய்பவர் ஆண்டர்சன் தெருவில் எந்தக் கனத்திலும் சாம்பல் அட்டை வாங்கலாம், டீ டிகாக்‌ஷனில் நனைத்துப் பழுப்பேற்றலாம். அப்படிச் செய்ததில் பழுப்பு ஒரே சீராக உள்வரை இறங்கியிருக்கும். காலத்தில் பழுத்த அட்டையில் வெளிச்சம் பட்ட முகம் ஒரு நிறம், விளிம்பு ஒரு நிறம், உள்ளடுக்கு இன்னொரு நிறம். அதே செட்டில் யாரும் சீந்தாத வீரரின் மலிவான கார்டு ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துத் தடிமனை ஒப்பிடுவதுதான் நல்ல வழி. இணையத்தில் யாரோ எழுதிய எண்ணை நம்பி அளக்காதீர்கள்.

அளவிலும் பொறி உண்டு. போஸ்ட் நிறுவனக் கார்டு 2½ × 3½ அங்குலம், அதாவது 63.5 × 88.9 மில்லிமீட்டர். ஜெல்லோ என்ற ஜெல்லி இனிப்பின் டப்பாவில் வந்த 1963 கார்டு பார்வைக்குக் கிட்டத்தட்ட அதேதான், நீளம் மட்டும் 3⅜ அங்குலம். வித்தியாசம் 3 மில்லிமீட்டர். கத்தரி 3 மில்லிமீட்டர் ஏமாற்றுவது பெரிய விஷயமா? அதனால் வெட்டிய விளிம்பிலிருந்து அளக்காமல், அச்சுக்குள் கோட்டிலிருந்து கோடு அளக்க வேண்டும். இன்னொன்று: 1962 போஸ்ட் செட்டின் பேஸ்பால் நட்சத்திரங்கள் மிக்கி மேன்டில், ராஜர் மாரிஸ் இருவரும் அதே ஆண்டு ஏப்ரலில் லைஃப் இதழின் விளம்பரத்தாளிலும் வந்தார்கள். அது மெல்லிய தாள், பின்னால் விளம்பர எழுத்து. தாள் மெல்லிசாக இருக்கிறதே, போலி என்று தூக்கிப் போட்டால் நஷ்டம். நம்மூரில் ஸ்போர்ட்ஸ்டாரிலிருந்து வெட்டி வைத்த கவாஸ்கர் படங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லைஃப் தாளில் வந்தது கார்டாகவே வெளியிட்டது, இவை பத்திரிகைப் படங்கள்.

புதிதாக வெட்டியது தெரிந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். பழைய பேனலை நேற்று வெட்டியிருந்தாலும் கோடு இருந்தால் அது முறையான கார்டுதான். கோட்டுக்கு வெளியே அகலமாக விட்டு வெட்டியதை மறுபடி கோடுவரை சீராக்குவதையும் பலர் தப்பாக நினைப்பதில்லை. கை நடுங்கினால் கோடு போய்விடும் என்பதால் எனக்கு அது பிடிக்காது. வெட்டாத முழு டப்பா கையில் கிடைத்தால் கத்தரியை அலமாரியில் பூட்டிவிடுங்கள். பல நேரம் முழு டப்பாவுக்கே விலை அதிகம்.

ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியதைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் யோசனை சாம்பல் அட்டைக்கு ஆகாது. அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். ஒட்டிய தாளை அப்படியே விட்டு, சுற்றி வெட்டி வைப்பது மேல்.

சென்னை ஈரத்தில் பி.வி.சி. உறை கார்டோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைதான் சரி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மட்டுமாவது அடிக்கடி மாற்றுங்கள். ராமபாணப் பூச்சி அட்டையைவிடப் பசைத் தடத்தைத்தான் முதலில் தேடி வரும்.

கிரேடிங்குக்கு அனுப்பும்போது மெல்லிய உறையில் போட்டு, அதைக் கார்டு சேவர் போன்ற வளையும் உறைக்குள் செருகுங்கள். கையால் வெட்டிய கார்டு இரண்டு மில்லிமீட்டர் சிறியதாக இருந்தால் உள்ளே ஆடி மூலை தேயும். அதற்குத் தடையாக உறைக்குள் எதையும் திணிக்காதீர்கள். வெளியே இரு பக்கமும் விறைப்பான அட்டை வைத்து ரப்பர் பேண்ட் இல்லாமல் டேப்பால் கட்டினால் போதும். டேப்பின் நுனியை மடித்து விட்டால் பிரிப்பவர் கத்தி எடுக்க மாட்டார்.