விட்ட இடம்

38 வயதில் மறுபடி படிக்கச் சேர்ந்தேன். கணக்கியல் பட்டப்படிப்பு, பகுதி நேரம். பெரியவளுக்கு அப்போது 9 வயது, சின்னவனுக்கு 3. இத்தனை வருடம் கழித்துத் தலையில் ஏறுமா என்ற பயம்தான் விண்ணப்பம் போடும்போது இருந்தது. பாடம் ஏறத்தான் செய்தது. என்னைத் திணறடித்தது துண்டு துண்டாகிப்போன நேரம். தேய்மானக் கணக்கில், அதாவது ஒரு சொத்தின் மதிப்பு வருடா வருடம் எவ்வளவு குறைகிறது என்று போடும் கணக்கில், மூன்றாவது வரியில் இருப்பேன். "அம்மா, முடிந்துவிட்டது" என்று குளியலறையிலிருந்து குரல் வரும். போய்க் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால், அந்த மூன்று வரிகளும் வேறு யாரோ போட்டதுபோல் தெரியும்.

எங்கள் வகுப்பில் பிள்ளை பெற்றவர்கள் நான்கு பேர் இருந்தோம். பல வருடம் செவிலியராக வேலை பார்த்த ஓர் அக்கா, இரவுப் பணிக்குப் போகும் ஓர் அண்ணன், இரட்டைக் குழந்தைகளின் தாயான ஒரு தங்கை, நான். அக்காதான் வழி சொன்னார். மருத்துவமனையில் பணி மாறும்போது, இந்த நோயாளிக்கு இதுவரை என்ன செய்தோம், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். "அதையே புத்தகத்துக்கும் செய். எழுந்து போகும் முன் ஒரே வரி எழுதிவிட்டுப் போ" என்றார்.

அன்றிலிருந்து பென்சிலை வைக்கும் முன் ஓரத்தில் எழுதிவிடுவேன்: "எஞ்சிய மதிப்பைக் கழித்தாயிற்று. அடுத்து ஆயுளால் வகுக்கவேண்டும்." பத்து நொடிகூட ஆகாது. இதற்கு ஆய்வும் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, முதல் வேலையின் மிச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். 2018இல் அவரும் தெரேசா குளோம்பும், எங்கே நிற்கிறோம், திரும்பியதும் என்ன செய்வோம் என்று குறித்துவைத்தவர்களுக்கு, இடையில் வந்த வேலையில் கவனம் நன்றாகப் பதிந்ததைக் காட்டினார்கள். எனக்கு இதில் பெரிய ஆறுதல் எது தெரியுமா? எங்கள் வாழ்க்கையில் அந்த இடையில் வந்த வேலை என்பது பிள்ளைதான். குறிப்பு எழுதிய நாட்களில் மகன் சொல்லும் கதையை முழுதாகக் கேட்டேன்.

இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவனுக்கு நிமோனியா வந்தது. 11 நாள் மருத்துவமனையில் இருந்தோம். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்று பலரும் செய்தி அனுப்பினார்கள், எல்லாம் அன்பில்தான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கக்கூட அந்த நேரத்தில் தெம்பு இருக்காது. அக்காவின் செய்தி மட்டும் வேறு மாதிரி இருந்தது: "எந்தப் பாடத்தில் நிற்கிறாய்? பக்க எண்ணை மட்டும் அனுப்பு." ஆறாம் பாடம், 112 என்று அனுப்பினேன். மறுநாள் காலை குரல் பதிவு ஒன்று வந்தது. அதன்பின் தினமும் ஒன்று. மூன்று பேரும் முறைவைத்து, ஆளுக்கொரு பகுதியைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்குள் சொல்லி அனுப்பினார்கள்.

மூடிவைத்துச் சொல்வது முக்கியம். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து வரவழைத்துப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நன்றாக நிற்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்காகப் பேசியவர்களும் அப்படித்தான் தங்கள் பாடத்தைப் படித்தார்கள். யார் நேரமும் வீணாகவில்லை. மருந்துப் புகை கொடுக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே அண்ணனின் பதிவைக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. பாதியில் நிறுத்தி, "இரு, இங்கே எனக்கே குழம்புகிறது" என்கிறார். பக்கம் புரளும் சத்தம். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, பற்றா வரவா என்று முதலில் முடிவு செய்யவேண்டும்" என்கிறார். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. அவருடைய பெருமூச்சோடு விடையும் வந்தது.

மூன்று தாள்களில் இரண்டைத்தான் எழுதினேன், ஒன்றைத் தள்ளிவைத்தேன். சேர்ந்த முதல் வாரமே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு: கல்வி நிறுவனத்தின் கையேட்டில் ஒத்திவைப்பு, கால நீட்டிப்பு பற்றிய பக்கத்தைத் தேடி வாசியுங்கள். கெடு முடிந்தபின் கேட்டு முதல் ஆண்டில் ஓர் ஒப்படைப்பை இழந்திருக்கிறேன். இந்த முறை கெடுவுக்கு முன்பே, மருத்துவச் சான்றிதழோடு, எழுத்தில் கேட்டேன்; கிடைத்தது. பிள்ளையின் படுக்கைக்கு அருகில் உட்கார்ந்து மூன்றையும் எழுதியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

தங்கையிடம் நாங்கள் தவறு செய்தோம். வீட்டில் அவள் கணவருக்கு வேலை போன சமயம் அது. "நீ பலசாலி, சமாளித்துவிடுவாய்" என்று எழுதிக்கொண்டே இருந்தோம். மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்திவிட்டாள். நாங்கள் தினமும் எத்தனை மணி நேரம் படித்தோம் என்று எங்கள் செய்திக் குழுவில் போடும் வழக்கம் அப்போது இருந்தது. "உங்கள் எண்களைப் பார்க்கவே பயமாக இருந்தது அக்கா" என்று வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னாள். அன்றே அந்த வழக்கத்தை விட்டோம். படித்த நேரத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது இளைஞர்களுக்கு ஊக்கம் தரலாம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கு அது தண்டனை. இன்னொன்றும் தெரிந்துகொண்டோம்: வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று ஒருவர் சொன்னால், குரல் பதிவு போதாது. அவரை மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூட்டிப் போகவேண்டும். அக்கா அவளைக் கூட்டிப் போனார்.

ஓராண்டு இடைவெளிக்குப் பின் போன மாதம் தங்கை திரும்பி வந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று என்று அழுதாள். மறந்ததாக நினைக்கும் ஒன்றை மறுபடி படிக்க முதல்முறையைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதியதை அவளிடம் சொன்னேன். அவள் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது: "நான்காம் பாடம், 61."

சின்னவன் தூங்கியதும் அந்தப் பாடத்தை ஒருமுறை வாசித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.