அயல்நாட்டுப் பக்கத்தில் ஒரு சிந்து முதலமைச்சர்

நாளிதழ் ஒன்றின் அயல்நாட்டுச் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், பாகிஸ்தான் என்றால் தலைநகர் இஸ்லாமாபாத்தும் ராணுவத் தலைமையகம் உள்ள ராவல்பிண்டியும் எல்லைப் பூசலும்தான் எங்கள் மேசைக்கு வந்து சேரும். மாகாண அரசியல்வாதி ஒருவரின் பெயர் ஏஜென்சிச் செய்தியில் அடிபட வேண்டுமானால், அவர் பதவி ஏற்க வேண்டும், பதவி இழக்க வேண்டும், அல்லது அவருடைய மாகாணத்தில் ஏராளமானோர் மடிய வேண்டும். 2016 ஜூலையில், கராச்சியைத் தலைநகராகக் கொண்ட சிந்து மாகாணத்தின் முதலமைச்சர் சையது காயிம் அலி ஷா மாற்றப்பட்டபோது, அவரைப் பற்றிய குறிப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது.

வயதிலேயே சிக்கல் தொடங்கியது. பிறந்த ஆண்டை ஒரு குறிப்பு 1928 என்றது, இன்னொன்று 1933 என்றது. ‘எண்பதைக் கடந்தவர்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். அவருடைய முதுமையும் பேச்சுத் தடுமாற்றமும் அங்கே கேலிப்பொருளாகியிருந்ததால், வந்த செய்திகளும் அதையே பிடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அது சோம்பலான எழுத்தாகவே பட்டது. கைர்பூர் வழக்கறிஞரான அவர், பாகிஸ்தான் மக்கள் கட்சியில் அதன் தொடக்க காலத்திலேயே சேர்ந்து, கட்சியின் நிறுவனர் சுல்பிகர் அலி பூட்டோவின் அமைச்சரவையில் இடம்பெற்று, ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சியில் சிறை சென்று, 1988 டிசம்பரில் முதலமைச்சரானவர். 1990 பிப்ரவரியில், கராச்சி வன்முறையால் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. 2008இல் அதே கட்சி அவரையே மீண்டும் அழைத்தது, 2013இல் மறுபடியும். இடைப்பட்ட ஆண்டுகளில் கட்சி தாவியவர்கள் பலர் இருந்தார்கள்; அவர் தாவவில்லை. (விசுவாசத்துக்குப் பதவியைவிட நல்ல கூலி அரசியலில் ஏது?)

2010ஆம் ஆண்டின் 18ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கல்வி, சுகாதாரம் போன்ற துறைகளை மாகாணங்களிடம் ஒப்படைத்ததால், காகிதத்தில் அவர் தமக்கு முன்பிருந்த எந்தச் சிந்து முதலமைச்சரையும்விட வலுவானவர். நடப்போ வேறாக இருந்தது. 2013 செப்டம்பரில் கராச்சியில் ரேஞ்சர்ஸ் துணைராணுவத்தின் நடவடிக்கை தொடங்கியபோது பிரதமர் நவாஸ் ஷெரீப் அவரை அதன் ‘கேப்டன்’ என்று அறிவித்தார். ஆனால் 2015இல் ரேஞ்சர்ஸ் மாகாண அரசின் அலுவலகத்துக்குள்ளேயே சோதனைக்கு நுழைந்தார்கள். கட்சியின் இணைத் தலைவர் ஆசிப் அலி சர்தாரிக்கு நெருக்கமான டாக்டர் ஆசிம் ஹுசைனையும் பிடித்துச் சென்றார்கள். கேப்டன் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருந்தார். அந்த டிசம்பரில் ரேஞ்சர்ஸின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டி சிந்து சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசு அதைப் பொருட்படுத்தவில்லை.

அவரை மாற்றும் முடிவும் கராச்சியில் எடுக்கப்படவில்லை. துபாயில் கூடிய கட்சித் தலைமை எடுத்தது. புதிய முதலமைச்சர் முராத் அலி ஷா, 1993 முதல் 1996 வரை அதே நாற்காலியில் இருந்த அப்துல்லா ஷாவின் மகன். பொறியாளர், வங்கியிலும் பணியாற்றியவர் என்பதால் ஏஜென்சிகளுக்கு அவரைப் பற்றி எழுத நிறையவே இருந்தது. காயிம் அலி ஷாவுக்கு எங்கள் பக்கத்தில் ஒற்றைப் பத்தி மிஞ்சியது.

2018 ஜூலைத் தேர்தலில் அவர் கைர்பூரில் மறுபடியும் நின்று சட்டமன்றத்துக்கு வென்றார். இம்ரான் கானின் வெற்றிதான் அன்று பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. கைர்பூர் முடிவுக்கு ஒரு வரிகூட இடம் கிடைக்கவில்லை.