ஏற்காடு ஏறினால் புயல் காட்டும் கன்சோல்

கேரவன் என்றால் நம்மூரில் ஷூட்டிங் வண்டி என்றுதான் பேர். இப்போது வேனுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஈசிஆரில் கிளம்புகிறவர்களில் சிலர், மொட்டைமாடி வானிலை நிலையத்தையும் கழற்றி எடுத்துப் போகிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அது ஒரே இடத்தில் நிற்பதற்காகச் செய்த கருவி. வண்டி நகர்ந்ததும் முதலில் பொய் சொல்வது காற்றழுத்தம்தான்.

கடல் மட்டத்தருகே சுமார் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும். சென்னையில் 1010 காட்டிய கன்சோல், அதாவது அளவுகளைக் காட்டும் திரைப்பெட்டி, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 850 சொச்சத்தில் நிற்கும். அழுத்தம் இறங்குவதைப் புயல் என்று எடுத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் திரையில் புயல் படம் வந்துவிடும். ‘ரிலேட்டிவ்’ என்று காட்டுவது, நீங்கள் சென்னையில் கொடுத்த கடல்மட்டத் திருத்தத்தைக் கூட்டிச் சொல்லும் எண். மலையில் அதற்கு அர்த்தமில்லை. திருத்தம் கூட்டாத ‘ஆப்சொல்யூட்’ எண்ணை மட்டும் பாருங்கள். அதையும் ஒரே நிறுத்தத்தில், நேற்று இதே மணிக்கு இருந்ததோடுதான் ஒப்பிட வேண்டும். காரணம் இருக்கிறது: நம் அட்சரேகையில் அழுத்தம் காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை 4 மணிக்குள் 3, 4 ஹெக்டோபாஸ்கல் தானாகவே இறங்கும். குளிர்தேசத்துக்காக எழுதிய கன்சோலின் வானிலைக் கணிப்பு, மொட்டை வெயிலிலும் இந்த இறக்கத்தை மழை என்று நினைத்துக்கொள்ளும்.

அடுத்தது மழைமானி. உள்ளே சீசா பலகைபோல ஆடும் ஒரு சின்னக் கரண்டி. பல மாடல்களில் ஒரு சாய்வுக்கு 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர். வண்டி வேகத்தடையில் குதித்தால் அதுவும் குதிக்கும், வெயிலில் மழை பதிவாகும். கிளம்புமுன் புனலைக் கழற்றி, கரண்டிக்கு அடியில் ஸ்பாஞ்சுத் துண்டு செருகுங்கள். சென்சார் பேட்டரியையும் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. இறங்கிய இடத்தில் ஸ்பாஞ்சை எடுக்க மறந்தால் மழையே பதிவாகாது. கொத்தனாரின் ரசமட்டத்தை வாய் விளிம்பில் இரண்டு திசையிலும் வைத்துப் பார்த்து நிறுத்துங்கள். சரிபார்க்க, வாய் விட்டம் 16 செ.மீ. என்றால் 100 மி.லி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், 5 மி.மீ. அளவில் காட்ட வேண்டும். மடமடவென்று ஊற்றினால் குறைவாகத்தான் காட்டும். ஐப்பசி அடைமழை வலுக்கும்போதும் அதே கதைதான்: கரண்டி சாயும் அந்த நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. மரத்தடியில் வைத்தால் மழை விட்டபிறகும் இலை சொட்டிக்கொண்டிருக்கும்.

காற்றுமானியை வண்டிக் கூரையில் மாட்டுவது சுலபம், அதனாலேயே எல்லோரும் மாட்டுகிறார்கள். பக்கவாட்டில் மோதும் காற்று கூரைக்கு மேலே சுழன்று ஏறுவதால் வேகமும் திசையும் கெடும். மடக்குக் கம்பத்தை வண்டியிலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கம் நட்டு, மூன்று பக்கம் கயிறு கட்டுங்கள். வடக்கு பார்க்க மொபைல் திசைகாட்டியை வண்டியருகே பிடிக்காதீர்கள், வண்டியின் இரும்பு திசையைக் குழப்பும். பத்தடி நடந்து போய்ப் பாருங்கள். இடி கேட்டால் கம்பம் தரைக்கு வந்துவிட வேண்டும்.

வெப்பமானி, கூரைத் தகட்டையும் ஏசி வெளிக்காற்றையும் விட்டு விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும்.

கன்சோலைப் பன்னிரண்டு வோல்ட் சாக்கெட்டில் நேரே செருகினால், ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் விழுந்து அது அணைந்து எழும். நடுவே ஒரு பவர்பேங்க் வையுங்கள். பெரும்பாலான கன்சோல்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ஹாட்ஸ்பாட்டை அதற்கு மாற்றி, வீட்டு வைஃபையின் அதே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டால் ஊருக்கு ஊர் அமைக்க வேண்டியதில்லை. ஆனால் வானிலைத் தளங்களுக்கு அளவுகளை அனுப்பும் அப்லோடை நிறுத்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் மலையில் இருக்க, சித்திரை மத்தியானத்தில் உங்கள் வேளச்சேரி நிலையம் 24 டிகிரி காட்டும். அதைப் பார்ப்பவர் தலையைச் சொறிவார்.

கடலோரத்தில் தங்கியிருந்தால் திரும்பியதும் காற்றுமானியின் சுழலும் கிண்ணங்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மெதுவாக ஊதினாலே சுழல வேண்டும். தயங்கினால் பேரிங்கில் உப்பு ஏறிவிட்டது.