சின்ன லேப்டாப் வாங்கும்முன் டைப்-சி போர்ட்டைப் பாருங்கள்

13 இன்ச் லேப்டாப்பில் இடம் குறைவு. நிறுவனங்கள் முதலில் கைவைப்பது போர்ட்டுகளில்தான். லேன் (இன்டர்நெட் வயர்) போர்ட் போகும், எஸ்டி கார்டு போகும், சில மாடல்களில் எச்டிஎம்ஐயும் போய் இரண்டு டைப்-சி மட்டும் மிஞ்சும். பிராசசருக்காக ஒரு வாரம் அலசுகிறவர்களும் இந்த இரண்டு ஓட்டைகளைக் கவனிப்பதில்லை. வாங்கிய பிறகு இதையும் மாற்ற முடியாது.

டைப்-சி என்பது வடிவத்தின் பெயர். அதில் சார்ஜ் ஏறுமா, மானிட்டருக்குப் படம் போகுமா, டேட்டா என்ன வேகத்தில் போகும் என்பது மூன்று தனித்தனிக் கேள்விகள். 'யுஎஸ்பி 3.2 ஜென் 1' என்று போட்டிருந்தால் 5 ஜிபிபிஎஸ்தான், அதாவது நொடிக்கு 5 கிகாபிட். 2008-இல் வந்த யுஎஸ்பி 3.0-இன் அதே வேகம், பெயர் மட்டும் புதிது. ஜென் 2 என்றால் 10. யுஎஸ்பி4 என்றால் 20 அல்லது 40, அதன் புதிய பதிப்பில் 80.

போர்ட் பக்கத்தில் பொடியாக அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அம்பு முனையுள்ள மின்னல் குறி தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு. வேகம், மானிட்டர் இரண்டுக்கும் கவலை இல்லை. ஆங்கில 'டி' எழுத்துக்குள் 'பி' இருப்பதுபோன்ற குறி டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டருக்குப் படம் அனுப்பும் முறை; இருந்தால் படம் போகும். பேட்டரி படத்தை மட்டும் நம்ப வேண்டாம். சில மாடல்களில், லேப்டாப் அணைந்திருந்தாலும் அந்தப் போர்ட் போனுக்கு சார்ஜ் தரும் என்பதுதான் அதற்குப் பொருள். குறியே இல்லையென்றால் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் இரண்டு மாடல்களில் போர்ட்டும் வைஃபை கார்டும் வேறாக இருப்பது சகஜம்.

சார்ஜரில் படிக்க வேண்டியது வெளியீட்டு (Output) வரி. 20 வோல்ட், 3.25 ஆம்ப் என்றிருந்தால் 65 வாட். 'சூப்பர் ஃபாஸ்ட்' போன் சார்ஜர்கள் பல, தங்கள் சொந்த முறையில்தான் அந்த வாட்டைத் தருகின்றன. லேப்டாப் கேட்கும் 20 வோல்ட் வராது. கேபிளும் முக்கியம். 3 ஆம்புக்கு மேல் போக கேபிளுக்குள் ஒரு சிப் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளில் 65 வாட் சார்ஜரும் 60-இல் நின்றுவிடும். போனோடு வரும் கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 வயர்கள் மட்டுமே உண்டு. அதில் மானிட்டரை மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும், பழி லேப்டாப்பின் மேல் விழும்.

சார்ஜ் ஏறும் டைப்-சி இரண்டு உள்ள மாடலே நல்லது. தினமும் செருகிப் பிடுங்கும் போர்ட் ஆட்டம் கண்டால், அது நேராக மதர்போர்டில் சால்டர் செய்ததாக இருந்தால், செலவு பெரிது.

ஒரு டைப்-சியைப் பல போர்ட்டுகளாக்கும் ஹப் வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்பது, '4கே மானிட்டரில் மவுஸ் அம்பு ஏன் திக்கித் திக்கி நகர்கிறது?' படம் 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறை மட்டும் மாறி ஓடுகிறது, அதனால்தான். டைப்-சியில் வேகமான வயர் ஜோடிகள் நான்கு. ஹப் அவற்றில் இரண்டை யுஎஸ்பி 3-க்கு எடுத்துக்கொண்டால் படத்துக்கு இரண்டே மிச்சம், டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் 4கே 60 ஹெர்ட்ஸுக்கு அது போதாது. லேப்டாப், ஹப் இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் போதும். ஹப்பில் '4கே' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள், '60 ஹெர்ட்ஸ்' என்பதும் இருக்க வேண்டும். மேக்புக்காரர்களுக்கு இன்னொன்று: இரண்டு எச்டிஎம்ஐ உள்ள சாதாரண ஹப்பை மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும்.

லேனுக்கு யுஎஸ்பி 3 கிகாபிட் அடாப்டர் போதும். யுஎஸ்பி 2.0 அடாப்டர் என்றால் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்.

வைஃபை கார்டு கழற்றி மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். சால்டர் செய்திருந்தால் கடைசிவரை அதுதான். மாற்ற முடிந்தாலும் எல்லாக் கார்டும் எல்லாவற்றிலும் ஓடாது: இன்டெல் ஏஎக்ஸ்211 இன்டெல் பிராசசரோடு மட்டுமே வேலை செய்யும், ஏஎக்ஸ்210 ஏஎம்டி பிராசசரிலும் ஓடும்.

போர்ட்டுகள் இரண்டு பக்கமும் இருக்கட்டும். யுஎஸ்பி 3 ஓடும்போது, வயர்லெஸ் மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுகிறது. வெளியே மாட்டும் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே வயர்லெஸ் மவுஸ் ரிசீவர் இருந்தால் காப்பி ஓடும்போதெல்லாம் மவுஸ் தடுமாறும். ரிசீவரை மறுபக்கம் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மறுபக்கம் போர்ட்டே இல்லையென்றால், ஒரு அடி யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.